ஆறுச்சாமி பிறந்த வீடு

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் தவறவிட்டவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் தாண்டிப் போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எருத்தேன்பதித் தோட்டக்காரி பாவாத்தாள். அவள் புருஷன் ஆறுச்சாமி, பாரவண்டி ஓட்டிப் பிழைக்கலாம் என்று சுமத்திராத் தீவின் மேடான் பட்டணத்துக்குக் கப்பலேறினான். எட்டு வருஷம் ஓட்டினான். போன மாசியில் அவன் ஓட்டிய வண்டியே அவன் காலில் ஏறிவிட்டது. இப்போது அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். புண் ஆறவில்லை. துணையில்லாத நோயாளியைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்கிறார்கள். யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கு அந்த ஊர் மண்தான். மேடானிலிருந்து திரும்பிய சித்தூர் ஏசுதாஸ் இதைச் சொல்லிவிட்டுப் போனான்.

போவதென்றால் சும்மாவா? அது டச்சுக்காரன் ஆளும் சீமை. நம் சர்க்காரிடம் பாஸ்போர்ட் வாங்கி, அதைச் சென்னையில் டச்சு கான்சலிடம் நீட்டி, மூன்று மாதம் தங்கிவர 'விசா' என்று ஒரு முத்திரை குத்தி வாங்க வேண்டும். வருகிறவருக்கு ஜாமீன் நிற்க ஆறுச்சாமி வேலை பார்த்த வண்டிப்பேட்டையின் முதலாளி சம்மதித்திருக்கிறார், ஒரே ஓர் ஆளுக்கு. அந்த ஓர் ஆள் தான்தான் என்று பாவாத்தாள் மனுப் போட்டாள். "பெத்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கறன், இவ யாரு போறதுக்கு?" என்று மாமியார் மருதாத்தாள் மல்லுக்கு நின்றாள்.

மனுவைப் போட்டது பொள்ளாச்சியில். வினை அங்கேதான் பிடித்தது.

எருத்தேன்பதி கொச்சி மகாராஜாவின் ராஜ்யம். கிழக்கே சுங்கச் சாவடியைத் தாண்டினால் வெள்ளைக்காரன் சீமை. மண் ஒரே மண்தான்; கடலைச்செடிக்கு ராஜா யார் என்று தெரியாது. ஆனால் மனுஷிக்குத் தெரிய வேண்டுமாம். புருஷன் எந்த ராஜ்யத்தில் பிறந்தானோ அந்த ராஜ்யத்தில்தான் பெண்டாட்டி பாஸ்போர்ட் கேட்க வேண்டுமாம்.

மனு எழுதியவர் பொள்ளாச்சிக்காரர். "மூத்த மகனா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள் பாவாத்தாள். "மாமியாருக்குப் பொறந்த ஊரு?" "ஆலாம்பாளையமுங்க." எழுதிவிட்டார், ஆறுச்சாமி பிறந்தது பிரிட்டிஷ் எல்லைக்குள் ஆலாம்பாளையத்தில் என்று. எங்கே பிறந்தான் என்று அவர் கேட்கவே இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அதை ஒருத்தன் வாய்விட்டுக் கேட்பானா? நீங்களும் நானுமாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்போம்.

ஆலாம்பாளையத்துக்கு விசாரிக்கப் போன ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் மருதாத்தாளின் தம்பி சென்னியப்பன், "இந்த ஊட்டுல அப்படி யாரும் பொறக்கலீங்க" என்று சொல்லிவிட்டான். பெற்ற தாயை அழைத்து வா என்று உத்தரவு வந்தது. இன்று அந்த நாள்.

விடியற்காலையில் கிட்டுச்சாமி வண்டி பூட்டினான். இவன் மருதாத்தாளின் இளைய மகன். அண்ணன் பங்குத் தோட்டத்தையும் சேர்த்து உழுகிறவன். பேசினால் பல் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம்.

பாவாத்தாளின் மகள் ராமாத்தாள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தது. எட்டு வயசு.

"நானும் வாறன்."

"போயி ஆட்டுக்குட்டியப் பாரு. பொழுதோட வந்தறன்."

பிள்ளை நின்றுவிட்டது. வண்டி தடத்தில் இறங்கியதும் மருதாத்தாள் ஆரம்பித்தாள்.

"அப்பன் போறப்ப வகுத்துல இருந்த புள்ள. அப்பன் மொகமே தெரியாது. எல்லாம் ஒருத்தி கால் வச்ச நேரம்."

"நாள் பாத்து என்னக் கால் வைக்கச் சொன்னது நீங்கதானுங்க."

"வாயப் பாரு. தலைப்பொறப்புக்குக் கூட்டிட்டுப் போக நாதியில்லாதவளுக்கு இருக்கற வாயப் பாரு."

இதுதான் மருதாத்தாளின் பிரம்மாஸ்திரம். பாவாத்தாளுக்குத் தாய் இல்லை. சிற்றன்னைக்கு அவளைப் பிடிக்காது. முதல் பிரசவத்துக்கு ஆள் வரும், வண்டி வரும் என்று பார்த்தாள், யாரும் வரவில்லை. ராமாத்தாள் எருத்தேன்பதித் தோட்டத்துச் சாளையில், புருஷன் வீட்டிலேயே பிறந்தாள். அன்று முதல் மாமியார் இந்த ஒரு பேச்சைக் கஞ்சிக்கு ஊறுகாய் மாதிரி தினமும் தொட்டுக்கொள்ளக் கொடுத்துவருகிறாள்.

"எனக்கெல்லாம் எங்கய்யன் ஊட்டுல இருந்து வில்வண்டி வந்துச்சு. மெத்தை போட்டு, சோடிக் காளைக்கும் சலங்கை கட்டி. ஊரே நின்னு பாத்துச்சு."

அந்தச் சலங்கைக்கு எத்தனை மணி என்றுகூடப் பாவாத்தாளால் சொல்ல முடியும். அத்தனை தடவை கேட்டிருக்கிறாள்.

"அந்த வில்வண்டிக் கதைய இன்னைக்கு இன்ஸ்பெக்டருகிட்டச் சொல்லுங்க. அதுக்குத்தான கூட்டிட்டுப் போறம்."

மருதாத்தாள் முகத்தைத் தடத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமியார் வாயை அடைத்துவிட்டோம் என்று மருமகளுக்கு உள்ளூர ஒரே குஷி. அந்த வாய் ஏன் அடைத்தது என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

சுங்கச் சாவடியில் கொச்சிச் சிப்பாய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். புகையிலை இல்லை, உப்பு இல்லை; முறைத்துக்கொண்டு இரண்டு பெண்கள்தான் இருந்தார்கள். மூங்கில் தடுப்பைத் தூக்கி விட்டுவிட்டான்.

ஆலாம்பாளையம் ஊர்ச் சாவடியில் இன்ஸ்பெக்டர் துரைசுவாமி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். இந்தப் புழுதிக் காட்டுக்கு மாற்றலாகி வந்ததில் அவருக்கு உலகத்தின் மேலேயே எரிச்சல். பக்கத்துப் பெஞ்சில் சென்னியப்பன் இருந்தான். அக்காள் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்தான். 'வா' என்று ஒரு வார்த்தை இல்லை, ஒரு செம்பு தண்ணீர் இல்லை. கூடப் பிறந்தவன் லட்சணம் அது.

"இதிலே ஆறுச்சாமி பொறந்தது ஆலாம்பாளையம்னு எழுதியிருக்கு" என்றார் துரைசுவாமி. "இவர் இல்லேங்கறார். இவர் தாய்மாமனாக்கும். நீ பெத்தவ. நீ சொல்லு."

"இங்கதானுங்க பொறந்தான்" என்றாள் மருதாத்தாள். "எங்கய்யன் ஊட்டுல. தெக்குப் பக்கத்துல ஒரல் கெடக்குதல்லங்க, அந்த மூலையில. எங்கம்மாதான் கொழந்தைக்கு வாயில சக்கரைத் தண்ணி சேனை தொட்டு வச்சா."

சென்னியப்பன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"அந்த ஒரல் மூலைய என்ற கல்யாணத்துக்கப்பறம் நான் கட்டினனுங்க. ஆறுச்சாமிய மூணு மாசக் கொழந்தையா இவியளே தூக்கிட்டு வந்தாங்க. எனக்கு அப்பப் பத்து வயசு, நல்லா நெனப்பிருக்குது."

"பொய்யி. இவன் பொறந்ததுல இருந்தே பொய்யனுங்க."

"ஆரு பொய்யி? அக்கான்னு பாக்கறன்."

"அக்கான்னு பாக்கறவன் சாவடியில நிக்க வச்சுப் பேசுவானா?"

துரைசுவாமி மேஜையைத் தட்டினார்.

"உங்க அக்கா தம்பிச் சண்டைக்கு நான் பஞ்சாயத்துக்கு வரலை. மனுவிலே கைநாட்டு வெச்சது யாரு?"

"நானுங்க" என்றாள் பாவாத்தாள்.

"பொய் எழுதியிருந்தா கேஸ் உன் மேலேதான் வரும், கேட்டியா. ரெண்டு சாட்சி ரெண்டு விதமா சொன்னா நான் என்னத்தை எழுதறது? தள்ளுபடின்னு எழுதிட்டுப் போறேன். எனக்கு வேற ஜோலி இருக்கு."

பாவாத்தாள் மேஜைக்கு ஓரடி முன்னால் வந்தாள். தள்ளுபடி என்றால் ஆறுச்சாமி இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

"கொச்சியில பொறந்தவருன்னு தெரிஞ்சா என்னங்க பண்ணுவீங்க?"

"தாயார் வாக்குமூலத்தோட மனுவைக் கொச்சி ராஜ்யத்துச் சித்தூர் கச்சேரிக்கு அனுப்பிடுவேன். நீ தெரியாமெ எழுதினதுன்னும் குறிச்சுடுவேன். மத்ததை அவா பார்த்துப்பா. ஆனா அது தாயார் வாயாலே வரணும். வேற சாட்சி யாராவது உண்டோ?"

யாரும் இல்லை. எருத்தேன்பதியில் பிறந்திருந்தாலும் அது காட்டுக்கு நடுவில் தனிச் சாளை. பிரசவம் பார்த்த கிழவிகள் செத்துப் பல காலம் ஆயிற்று.

"நான் சாப்பிட்டுட்டு வரேன். அதுக்குள்ளே அம்மாவும் பொண்ணுமா முடிவு பண்ணுங்கோ" என்று எழுந்து போனார் துரைசுவாமி. அம்மாவும் பொண்ணுமாம்! அவருக்கு என்ன தெரியும், பாவம்.

சாவடிப் புளியமரத்தடியில் இருவரும் ஆளுக்கொரு வேரில் உட்கார்ந்தார்கள்.

"எங்க பொறந்தாருங்க?"

"சொன்னனல்ல."

"அந்த மூலையே அப்ப இல்லையாமா."

மருதாத்தாள் புளியங்கொட்டை பொறுக்கினாள். பாவாத்தாளுக்கு ஒரேயடியாக எரிந்தது. எட்டு வருஷ எரிச்சல் அது.

"உங்க மவன் அங்க புண்ணு நாத்தத்துல கெடக்கறாருங்க. உங்க வில்வண்டியா போயி அவரத் தூக்கிட்டு வரப்போகுது?"

"நாக்க அறுத்துப்போடுவன்டி."

"அறுங்க. அறுத்துப் போட்டுட்டு, பொறந்த எடத்தச் சொல்லுங்க."

"உனக்கு முன்னால நான் சொல்லோணுமா? நீ சிரிக்கறதுக்கு?"

ஆக, சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்பது பாவாத்தாளுக்கு விளங்கிவிட்டது. அதைக் கேட்டு மருமகள் சிரிப்பாள் என்பதுதான் கிழவிக்கு மகன் உயிரைவிடப் பெரிசு. அடப் பாவி மனுஷி என்று மனசுக்குள் திட்டினாள். பிறகு, மாமியார் கனவிலும் எதிர்பாராததைச் சொன்னாள்.

"நீங்களே போங்க."

"என்னது?"

"மேடானுக்கு. பெத்தவ போறதுதான் மொறைன்னு சொன்னீங்கல்ல? நீங்க பொறந்த எடத்தச் சொல்லுங்க. போற ஆளு நீங்கதான்னு இன்ஸ்பெக்டருகிட்ட என்ற வாயாலயே சொல்றன்."

மருதாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொன்ன சொல்லு மாற மாட்டியே?"

"சொல்றன்னா சொல்றனுங்க."

துரைசுவாமி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மருதாத்தாள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். தம்பியைப் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை.

"எழுதிக்குங்க சாமி. எருத்தேன்பதிச் சாளையில பொறந்தான். கொச்சி மண்ணுல."

"தலைப்பிரசவம் புருஷன் வீட்டிலேயா? ஏன்?"

"கூட்டிட்டுப் போக ஆரும் வல்லீங்க."

சென்னியப்பன் பெஞ்சில் நெளிந்தான்.

"கல்யாணத்துக்கு எங்கய்யன் ஒரு காளை சீரு குடுத்தாருங்க. வந்த மாசமே அது செத்துப்போச்சு. நோஞ்சான் மாட்டத் தலையில கட்டிட்டான்னு என்ற மாமனாரு சந்தையில நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டாரு. எங்கய்யனுக்கு ரோசம். வளைகாப்புக்கு வல்ல. ஒம்பது மாசம் ஆச்சு, அப்பவும் வல்ல. நான் துணிய மூட்டை கட்டி வச்சுட்டு வண்டித்தடத்தப் பாத்தே ஒக்காந்திருந்தனுங்க. தூரத்துல சலங்கை கேட்டா எந்திரிச்சு நிப்பன். பக்கத்துத் தோட்டத்து வண்டியா இருக்கும். மறுக்கா ஒக்காந்துக்குவன்."

துரைசுவாமி எழுதி முடிக்கும்வரை பொறுத்தாள்.

"கடலைக்காட்டுல களை வெட்டிட்டு வந்த அன்னைக்கு வலி எடுத்துச்சு. கதிரறுக்கற அருவாளுல என்ற மாமியா கொடிய அறுத்தா. அவதான் சேனை வச்சா. போதுமுங்களா? எங்கய்யன் வண்டி அனுப்பலீன்னும் எழுதிக்குங்க. இவனையும் அதுக்குச் சாச்சியா கைநாட்டு வைக்கச் சொல்லுங்க."

சென்னியப்பன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

மருதாத்தாள் பெருவிரலை மசியில் அழுத்தி, காகிதத்தில் பதித்தாள். துரைசுவாமி அதை ஊதிக் காயவைத்தார்.

"போறது யாரு? மருமகதானே?"

"இல்லீங்க" என்றாள் பாவாத்தாள். "பெத்தவிய. இவியதான் போறாங்க."

"குறிச்சுக்கறேன். சித்தூர்க்காராளும் டச்சுக்காராளும் சம்மதிச்சா எனக்கென்ன வந்தது?"

வண்டி திரும்பியது. சுங்கச் சாவடி வரும்வரை மருதாத்தாள் ஒருத்திதான் பேசினாள். கருப்பட்டி எவ்வளவு கட்ட வேண்டும், புண்ணுக்கு வேப்பெண்ணெய் எந்தச் செக்கில் நல்லதாகக் கிடைக்கும், கப்பலில் ராகிக்களி கிண்ட விடுவார்களா என்று அடுக்கிக்கொண்டே வந்தாள். "நீ ஊட்டப் பாத்துக்க. கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கொறைச்சிராத" என்று உத்தரவு வேறு.

மூங்கில் தடுப்பைத் தாண்டியதும் பாவாத்தாள் வாயைத் திறந்தாள். எட்டு வருஷமாகத் தான் கேட்ட அதே ராகத்தில் கேட்டாள்.

"கூட்டிட்டுப் போக ஒரு நாதிகூட இல்லீங்களா?"

மருதாத்தாளின் முகம் சுண்டியது.

"இல்லடி. சந்தோசமா?"

"ஆமாங்க. சந்தோசந்தான்."

"இருடி, உனக்கு இருக்குது" என்றாள் மருதாத்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுட்டு என்னத்துக்குங்க என்னை அந்தச் சொல்லு சொன்னீங்க? நான் வாசல்ல நின்னு தடத்தப் பாத்தப்ப, நீங்க உள்ள இருந்து சிரிச்சீங்க."

"நான் பட்டத நீயும் படோணும்னுதான். நான் மட்டும் பட்டா எனக்கு எப்படி ஆறும்?" மருதாத்தாள் இதைச் சத்தமில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

அந்த இடத்தில் பாவாத்தாள் கொஞ்சம் இரங்கியிருக்கலாம். நீங்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பீர்கள். அவள் இரங்கவில்லை. அவள் மடியில் இன்னொன்று இருந்தது. ஏசுதாஸ் சொன்னதில் அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் உங்களிடம் சொல்லவில்லை.

"நீங்க மூட்டை ஒண்ணும் கட்ட வேண்டாமுங்க."

"ஏனாமா?"

"முதலாளி ஜாமீன் நிக்கறது எனக்கு மட்டுந்தான். சம்சாரம் வந்தா நிக்கறன், வயசானவங்க வந்து அவங்களுக்கு ஒண்ணு ஆனா நான் பொறுப்பில்லன்னு சொல்லிட்டாராமா. ஏசுதாசண்ணன் மொத நாளே சொன்னாரு. ஜாமீன் இல்லாம டச்சுக்காரன் முத்திரை போட மாட்டான்."

"நீ சொல்லு குடுத்தியேடி."

"போற ஆளு நீங்கதான்னு இன்ஸ்பெக்டருகிட்டச் சொல்றன்னு சொன்னன். சொன்னனுங்களே. சித்தூர்ல போயி மாத்தி எழுதிக்கறன்."

மருதாத்தாளுக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பத்தைந்து வருஷம் பொத்திவைத்த மானத்தை ஒரு சிறுக்கி ஒன்றுமில்லாததைக் கொடுத்து வாங்கிவிட்டாளே.

"கிட்டு, வண்டியத் திருப்பு."

கிட்டுச்சாமி கயிற்றை இழுத்தான். காளைகள் நின்றன. காலையிலிருந்து வாய் திறக்காதவன், முன்னால் பார்த்தபடியே பேசினான்.

"திருப்பலாமுங்கம்மா. போயி என்ன சொல்லுவீங்க? அண்ணன் ஆலாம்பாளையத்துலதான் பொறந்தான்னு மறுக்கா சொல்லுவீங்களா? சொன்னா அவன் அங்கயே கெடந்து சாவான். தோட்டம் பூராவும் எனக்குத்தான். திருப்பட்டுமா?"

பாவாத்தாள் அவன் முதுகைப் பார்த்தாள். அவன் அண்ணனுக்காகப் பேசுகிறானா, தோட்டத்துக்காகப் பேசுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் இந்த வாரம் வரை புரியவில்லை.

காளைகள் வாலை வீசி ஈ ஓட்டின. பின்னால் வந்த விறகு வண்டிக்காரன் ஒதுங்கச் சொல்லிச் சத்தம் போட்டான்.

"ஓட்டு" என்றாள் மருதாத்தாள்.

வண்டி நகர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று பாவாத்தாள் நினைத்தாள். சித்தூர், பிறகு சென்னை, பிறகு கப்பல். மனசு அதற்குள் கடலில் பாதி தூரம் போய்விட்டது. பக்கத்தில் மருதாத்தாள் முந்தானையால் கைவிரல் மசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மசி போகவில்லை.

"அப்ப நீதான் போற."

"ஆமாங்க."

"ஓராளுக்குத்தான் ஜாமீனு."

"ஆமாங்க."

"புள்ளைய எங்க உட்டுட்டுப் போவ?"

பாவாத்தாள் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத்தான் அம்மா ஊடு இல்லயே" என்றாள் மருதாத்தாள். இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை; கணக்குப் பார்க்கிற குரலாக இருந்தது. "மூணு மாசம், ஆசுபத்திரியில இன்னம் எச்சா ஆனா ஆறு மாசம். என்ற கிட்டத்தான் உடோணும். உடு. நல்லாப் பாத்துக்கறன். அவ அம்மா எப்படிப்பட்டவளுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு எனக்கு இன்னைக்கு நெறயாக் கெடைச்சிருக்குது."

எத்தனையோ யோசித்த பாவாத்தாள் இதை யோசிக்கவே இல்லை.

சாளை தெரிந்தது. தடத்தில் ராமாத்தாள் ஓடிவந்துகொண்டிருந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே மருதாத்தாள் இறங்கிவிட்டாள். அந்த வயசுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு. மடியிலிருந்து கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்து, மசி படிந்த கையை நீட்டினாள்.

"வாடி கண்ணு. அப்பத்தாகிட்ட வா."

பிள்ளை அப்பத்தாவிடம் போயிற்று.